மூன்றாம் எண் அறையின் மேல்தளம்

முதலில் ஒட்டடை என்றுதான் நினைத்தேன்.

கொசப்பேட்டையில் எனக்கு நான்கு அறைகள்.
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகை.
மூன்றாம் எண்ணில் மால்டாவிலிருந்து வந்த ஷெஃபாலி
தலைக்கு மேலே காட்டி "ஜோல்" என்றாள்.
கட்டிலை ஒரு முழம் நகர்த்தி
சோறாக்கும் குண்டானை அங்கே வைத்திருந்தாள்.
குறையாகச் சொல்லவில்லை,
பஸ் இன்று தாமதம் என்பதைப்போலச் சொன்னாள்.
வார்டில் இடத்துக்குக் காத்திருந்த அவள் புருஷன்
படுத்தபடியே சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் ஆடியில் பூசினேன்.
அதற்கு முந்தின ஐப்பசியிலும்.
வெள்ளைப் பெயிண்ட், தார் ஷீட், அக்காள் மகன் சொன்ன பசை.
காலி டப்பாக்கள் மாடிப்படிக்கு அடியில் இன்னும் இருக்கின்றன.
கூட்டிப் பார்த்தால் அறுபத்தோராயிரம்.
ஒவ்வொரு தடவையும் தண்ணீர்
நான் பூசிய இடத்துக்கு அரையடி தள்ளி இறங்கியது.

முதல் ஆள் சென்னையிலிருந்து வந்தார்.
டேப்லெட்டில் படம், பத்து வருட உத்தரவாதம்.
மாடி ஏறவில்லை, வெயில் என்றார்.
வேலூருக்கு வந்து
வெயில் என்றார்.

அடுத்தவர் எத்திராஜ், கஸ்பா.
மொபெட்டில் ஏணி கட்டி வந்தார்.
எவ்வளவு ஆகும் என்றேன்.
"இரும்மா, அது இன்னா சொல்லுதுன்னு கேட்டுக்கலாம்"
சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே நகர்ந்தார்.
கணீர். கணீர். கணீர்.
குளியலறைப் பக்கம் வந்ததும், தொப்.
காலியான வீட்டுக் கதவைத் தட்டின மாதிரி.
படுத்திருந்தவரும் திரும்பிப் பார்த்தார்.

சாப்பாட்டுத் தட்டளவு காரை பெயர்ந்து எத்திராஜ் கையில் விழுந்தது.
உள்ளே கம்பி.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.
பென்சில்தான் தடிமன்.
"தோலுல இல்லம்மா, எலும்புல கீது."
ஆஸ்பத்திரி ஊர்,
எல்லாவற்றையும் இப்படித்தான் பேசுவோம்.

"இந்த ரூமு, அந்த பாத்ரூமு, ரெண்டையும் இடிச்சிட்டுப் புதுசா போடணும்.
மத்த மூணும் கெட்டி. அதைத் தொடாத."
தொடாதே என்ற சொல்லில்தான்
பாதி நம்பினேன்.

மீதிப் பாதிக்கு, அவர் முன்பு செய்த வீட்டைக் கேட்டு
மழை பெய்கிற நாளாகப் பார்த்துச் சலவன்பேட்டைக்குப் போனேன்.
ரொசாலி டீச்சர் தலை துவட்டத் துண்டு கொடுத்து
மேல் அறைக்குக் கூட்டிப்போனார்.
மூலைகளில்கூடச் சுண்ணாம்பு காய்ந்தே இருந்தது.
"வேலை சுத்தம். சொன்ன தேதிக்கு மட்டும் வரமாட்டான்."

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வாங்கினேன்:
எந்தக் கம்பி, எத்தனை மூட்டை,
எத்தனை நாள் தண்ணீர் கட்டுவது,
இடித்த கல்லை அள்ளுவது யார்.
கால்வாசி முன்பணம்,
கடைசிப் பத்தாயிரம் முதல் பெருமழைக்குப் பிறகு.
அந்த வரிக்கு எத்திராஜ் சிரித்தார்:
"பாலாத்துல தண்ணி வந்தாத்தான் கூலியா?"
கையெழுத்தும் போட்டார்.

திங்கட்கிழமை என்றவர் அடுத்த வாரம் வியாழன் வந்தார்.
திட்ட வேண்டியதையெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன்.
அன்று காலையில்தான்
ஷெஃபாலி புருஷனுக்கு வார்டில் கட்டில் கிடைத்திருந்தது.
அது எத்திராஜுக்குத் தெரியாது.
நானும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

வானம் தெரிந்த இரண்டு நாள்
மூன்றாம் எண் அறையில் புறாக்கள் குடியிருந்தன, வாடகை இல்லாமல்.
பிறகு சென்டரிங் பலகை, கம்பி, கலவை மெஷின் சத்தம்,
எதிர்வீட்டுச் சண்டை.
புதுத்தளத்தின்மேல் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள்.
துவைத்த துணி காயப்போட மாடிக்கு வந்த ஷெஃபாலி
முழங்காலளவு குனிந்து அதில் விரலை நனைத்தாள்.
"ஜோல்" என்றாள்.
இந்தத் தடவை சிரித்தாள்.
ஆபரேஷன் பற்றி நான் கேட்கவில்லை,
சிரித்தாளே.

ஐப்பசியில் மூன்று இரவு விடாமல் பெய்தது.
டார்ச்சோடு மூன்று இரவும் போய் அண்ணாந்து பார்த்தேன்.
பத்தாயிரத்தை நூறு ரூபாய்த் தாள்களாகக் கொடுத்தேன்,
எண்ணி முடிக்க நேரமாகட்டும் என்று.

தூம்புக்குழாய் ஒன்று இன்னும் பாக்கி.
"நாளைக்கு" என்கிறார்.

நேற்று சத்துவாச்சாரியிலிருந்து யாரோ போன் செய்து
எத்திராஜ் எப்படி என்று விசாரித்தார்.
மழை பெய்கிற நாளில் வாங்க என்றேன்.
துண்டு வைத்திருக்கிறேன்.